வைக்கோல் புகை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் பக்கம் அறுவடை முடிந்த கையோடு வைக்கோல் கட்ட மிஷின் வந்துவிடுகிறது, வாங்கிப் போக லாரியும் நிற்கிறது. பஞ்சாபில் மட்டும் ஏன் கொளுத்துகிறார்கள்? மாட்டுக்குப் போட்டால் என்ன?
– வாசகர், மன்னார்குடி

பதில்: அங்கே மாட்டுக்குப் பஞ்சமில்லை. ஆனால் கோதுமையும் விளைகிற பூமி என்பதால், கோதுமை வைக்கோலைப் பொடித்து ‘தூரி’ என்று போடுவதுதான் காலங்காலமாக வழக்கம். அது கைவசம் இருக்கும்போது சொரசொரப்பான நெல் வைக்கோலை அவர்கள் சீந்துவதில்லை. பாஸ்மதி வைக்கோல் மட்டும் தீவனமாகப் போய்விடும். மற்றதையும் சேர்த்தால் பஞ்சாபில் ஆண்டுக்கு ஏறக்குறைய 2 கோடி டன் நெல் வைக்கோல் விழுகிறது, அவ்வளவையும் என்ன செய்வது?

அதைவிடப் பெரிய சிக்கல் நாள் கணக்கு. இலவச மின்சாரமும் அரசுக் கொள்முதலும் இருந்ததால், நெல் அவ்வளவாகச் சாப்பிடாத பஞ்சாப் முழுக்க நெல்லுக்கு மாறியது, நிலத்தடி நீர் கிடுகிடுவென இறங்கியது. அதைத் தடுக்க 2009இல் ஒரு சட்டம் போட்டார்கள்: ஜூன் 10க்கு முன் நடவு கூடாது. நல்ல நோக்கம்தான், ஆனால் நடவு தள்ளிப்போனதும் அறுவடையும் அக்டோபர் கடைசிக்குப் போய்விட்டது. நவம்பர் நடுவிலாவது கோதுமை விதைத்தாக வேண்டும், தள்ளிப்போனால் விளைச்சல் குறையும். ஆக, நெல்லை அறுத்து, வயலைக் காலி செய்து, அடுத்த விதைப்பை முடிக்க கிடைப்பது இரண்டு மூன்று வாரம்.

வயலில் இறங்கிப் பார்த்தால் இன்னும் புரியும். அறுவடை மிஷின் கதிரை மட்டும் எடுத்துக்கொண்டு அரிதாளை (வயலில் நிற்கும் அடித்தண்டை) முழங்கால் உயரத்துக்கு விட்டுவிடும், உதிரி வைக்கோலைப் பின்னால் வரிசையாகக் கொட்டிக்கொண்டே போகும். அதன்மேல் சாதாரண விதைப்புக் கருவியை ஓட்டினால் கொழுவில் வைக்கோல் சுற்றிக்கொண்டு நாலடிக்கு ஒருமுறை நிற்கும். ஒரு தீக்குச்சி போதும், ஒரே மாலையில் வயல் காலி. கூலியும் இல்லை, வாடகையும் இல்லை.

நம் டெல்டாவில் இந்த அவசரம் கிடையாது. சம்பா அறுக்கிறதுக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னாலேயே ஈரச் சேற்றில் உளுந்தையும் பயறையும் தெளித்துவிட்டு அறுப்பது நம் தாத்தா காலத்துப் பழக்கம், மிஷின் வந்த பிறகு அது குறைந்துவருகிறது என்பது வேறு விஷயம். லூதியானாவில் உள்ள பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகமும் இப்போது இதற்குப் பக்கமான ஒன்றைத்தான் சொல்லிக்கொடுக்கிறது: கோதுமையை வயல்மேல் தூவி, அந்த வைக்கோலையே வெட்டி மூடாக்காக, அதாவது மண்ணுக்குப் போர்வை போலப் போட்டுவிடுவது. எரிப்பதை நிறுத்த இதைவிடச் செலவு குறைந்த வழி எனக்குத் தெரியவில்லை.

கேள்வி: மகன் குடும்பம் தில்லியில் இருக்கிறது. தீபாவளி முடிந்ததும் என் பேத்திக்கு மூச்சு இளைக்க ஆரம்பித்துவிடுகிறது. எல்லாம் பஞ்சாப் புகைதான் என்கிறார்களே, உண்மையா?
– வாசகி, திருச்சி

பதில்: பாதிதான் உண்மை, அம்மா. அங்கே மழைக்காலம் முடிந்து, அக்டோபர் கடைசியில் காற்றின் வேகம் குறைந்துவிடும், அதுவும் வடமேற்கிலிருந்து வீசும், குளிர்ந்த காற்று தரையோடு மூடி போட்டதுபோல் நின்றுவிடுவதால் புகை மேலே கலைய வழியில்லை. மோசமான சில நாட்களில் தில்லியின் நுண்துகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேலேகூட வயல் புகை இருந்திருக்கிறது. ஆனால் டிசம்பர், ஜனவரியில் பஞ்சாபில் ஒரு வயலும் எரிவதில்லை, தில்லிக் காற்று அப்போதும் மூச்சு முட்டத்தான் வைக்கிறது. வண்டிப் புகை, கட்டட வேலைத் தூசி, குப்பையும் விறகும் எரிகிற புகை எல்லாம் அந்த ஊர் தானே உண்டாக்கிக்கொள்வது. இன்னொன்று, அந்த வயல் புகையை முதலில் சுவாசிப்பது பஞ்சாபின் சங்ரூர், பட்டிண்டா கிராமத்துப் பிள்ளைகள்தான். அவர்களைப் பற்றி எந்தச் சேனலும் பேசுவதில்லை என்பது எனக்கு ஆறவில்லை.

பேத்திக்கு: அக்டோபர் தொடங்கும் முன்பே குழந்தை மருத்துவரைப் பார்த்துவிடச் சொல்லுங்கள். இன்ஹேலர் கொடுத்தால் பழகிவிடும் என்று பயந்து நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அந்தப் பயத்தில்தான் பல வீடுகளில் நிலைமை முற்றுகிறது. துணி மாஸ்க்கால் பயனில்லை, முகத்தில் படிந்து உட்காரும் என்95 வேண்டும். விடியற்காலையில் வெளியே விளையாட விடவேண்டாம். வீட்டுக்குள் ஊதுபத்தி, கொசுவர்த்தி கூடவே கூடாது.

கேள்வி: பஞ்சாபில் தீ வைப்பது வெகுவாகக் குறைந்துவிட்டது என்று செய்தி வந்ததே?
– வாசகர், மதுரை

பதில்: கணக்கில் குறைந்தது நிஜம். 2020இல் சுமார் 83,000 தீ நிகழ்வுகள், 2024இல் 11,000க்கும் கீழே. ஆனால் இந்த எண்ணிக்கைக்கு ஆதாரமான செயற்கைக்கோள்களில் முக்கியமானவை பிற்பகல் ஒன்றரை மணி வாக்கில் கடந்து போகின்றன, சாயங்காலம் வைக்கிற தீ அதில் விழாது. வைக்கும் நேரம் பின்னால் தள்ளிப்போயிருப்பதை வேறு செயற்கைக்கோள் படங்களை வைத்து ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். அதனால் குறைந்திருக்கிறது என்று நம்பலாம், இவ்வளவு குறைந்தது என்று நான் நம்பமாட்டேன். 2024 நவம்பரில் அபராதத்தை இரண்டு மடங்காக்கி, ஐந்து ஏக்கருக்கு மேல் இருந்தால் 30,000 ரூபாய் என்றார்கள். அபராதத்துக்குப் பயந்தவர் நேரத்தை மாற்றுவார். வைக்கோலுக்கு விலை கிடைத்தால்தான் கொளுத்துவதையே விடுவார். பக்கத்து ஹரியானாவின் பானிப்பட்டில் வைக்கோலிலிருந்து எத்தனால் எடுக்கும் ஆலை 2022இல் வந்தது, சங்ரூரில் எரிவாயு ஆலை வந்தது, இப்படி இன்னும் நிறைய வேண்டும்.

கேள்வி: நாங்கள் கரும்பு வெட்டியதும் சோகையை (காய்ந்த கரும்பு இலையை) கொளுத்திவிடுவோம். கொளுத்தாவிட்டால் தண்ணீர் பாயாது, எலி சேரும் என்கிறார் அப்பா. வேறு வழி உண்டா?
– வாசகர், விழுப்புரம்

பதில்: உண்டு. அப்பா சொல்வதையும் தள்ளிவிடாதீர்கள், மொத்தச் சோகையையும் அப்படியே பரப்பினால் தண்ணீர் பாய்வது சிரமம்தான். ஒரு சால் விட்டு ஒரு சாலில் சோகையை ஒதுக்குங்கள், காலியான சாலில் தண்ணீர் கட்டுங்கள். டிராக்டரில் மாட்டும் சோகை தூளாக்கும் கருவி வாடகைக்குக் கிடைத்தால் இன்னும் நல்லது, தூளானால் சீக்கிரம் மட்கும், எலிக்கும் அவ்வளவாக மறைவு இருக்காது. சோகை மட்கும்போது மண்ணிலிருக்கும் தழைச்சத்தைக் கொஞ்ச நாள் இழுத்துக்கொள்ளும், அதனால் அதன்மேல் கொஞ்சம் யூரியா தூவி நனைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் மறுதாம்பு (வெட்டிய கட்டையிலிருந்து மறுபடி முளைக்கும் கரும்பு) வெளிறிப்போய், மூடாக்குதான் கெடுத்தது என்று அப்பா முடிவு கட்டிவிடுவார்.

மூடாக்குப் போட்ட சாலில் களை குறையும், கோடையில் ஈரம் நிற்கும். முதல் தண்ணீர் கட்டும்வரை மட்டும் கவனம் வேண்டும், காய்ந்த சோகை பீடித் துண்டுக்கே பற்றிக்கொள்ளும். முதல் வருஷம் அரை ஏக்கரில் மட்டும் செய்து பாருங்கள், மீதியை வழக்கப்படி அப்பா இஷ்டத்துக்கு விடுங்கள். மறுதாம்பு முளைத்து வந்ததும் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் அவரே பார்க்கட்டும்.