கோர்ட் வாசலில் ஒரு நாள்

அன்புள்ள ஐயா,

அவதூறைக் குற்றப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட வேண்டும், நஷ்ட ஈட்டு வழக்கு போதும் என்று சென்ற மாதம் எழுதியிருந்தீர்கள். படித்த நாளிலிருந்து உங்கள் மேல் கோபமாக இருக்கிறேன்.

எங்கள் ஊழியர் சங்கத்துக்கு ஆறு வருடம் பொருளாளராக இருந்தேன். நான் பணத்தைக் கையாடிவிட்டதாக, கூட வேலை பார்த்த ஒருவர் 400 பேர் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் எழுதினார். தணிக்கையில் ஒரு ரூபாய் குறையவில்லை. ஆனால் தணிக்கை அறிக்கையை யார் படிக்கிறார்கள்? நஷ்ட ஈடு கேட்டால் தொகைக்கு ஏற்ப கோர்ட் ஃபீஸ் கட்ட வேண்டும், ஜெயித்தாலும் அவரிடம் வசூலிக்க ஒன்றுமில்லை என்கிறார் வக்கீல். கிரிமினல் புகாருக்கு அந்தச் செலவில்லை. என் போன்றவர்களிடம் இருக்கும் ஒரே ஆயுதத்தைப் பிடுங்கச் சொல்கிறீர்கள். அவர் ஜெயிலுக்குப் போக வேண்டாம். ஒரு நாளாவது கோர்ட் வாசலில் நிற்கட்டும்.

(பெயர் வெளியிட வேண்டாம்)

*

அன்புள்ள நண்பருக்கு,

தப்பு செய்யாத நீங்கள் பெயரை மறைக்கச் சொல்லிக் கேட்க வேண்டியிருக்கிறது. அந்த வலியை நான் குறைத்துப் பேசவில்லை. கோர்ட் ஃபீஸ் விஷயத்திலும் நீங்கள் சொல்வது சரி. சிவில் வழக்கு என்னவோ கேட்டவுடன் கிடைக்கும் நிவாரணம் போல அந்தக் கட்டுரையில் எழுதிவிட்டேன். அது என் சோம்பேறித்தனம்.

ஆனால் உங்கள் கடைசி வரி என்னை விடவில்லை. அந்த வாசலில் நானும் நின்றிருக்கிறேன், சிறு பத்திரிகை நடத்திய நண்பர் ஒருவருக்குத் துணையாக. டெண்டர் ஒன்றைப் பற்றிய சின்னச் செய்திக்கு ஒப்பந்ததாரர் ஒருவர் போட்ட வழக்கு. பத்தரை மணிக்கு வராந்தாவில் நிற்க வேண்டும். பெயரைக் கூப்பிடுவார்கள். நண்பருக்குக் காது மந்தம். கூப்பிட்டது கேட்காமல் போய்ப் பிடிவாரண்ட் போட்டுவிடுவார்களோ என்ற பயத்தில்தான் நான் கூடப் போனது. உள்ளே அரை நிமிடம், அடுத்த வாய்தாவுக்கு ஒரு தேதி, அவ்வளவுதான். எதிர்த்தரப்பில் பெரும்பாலும் ஜூனியர் வக்கீல்தான் வருவார். புகார் கொடுத்தவரை நான் ஒரே ஒரு முறை பார்த்தேன். மூன்று வருடம் கழித்து அவரே சமாதானத்துக்கு ஆள் அனுப்பினார், நண்பரும் ஒத்துக்கொண்டார். செய்தி உண்மையா பொய்யா என்று கடைசிவரை யாரும் விசாரிக்கவில்லை. அப்புறம் அந்தப் பத்திரிகையில் டெண்டர் செய்தி வரவில்லை. ராசிபலன் இரண்டு பக்கமானது.

நீங்கள் கேட்கும் தண்டனை இதுதான். தீர்ப்புக்கு முன்பே கிடைத்துவிடுகிறது. பொய் எழுதியவருக்கும் நிஜத்தை எழுதியவருக்கும் ஒரே அளவில் கிடைக்கிறது.

இந்தச் சட்டம் உங்களுக்காகப் பிறந்ததும் இல்லை. 1605-இல் இங்கிலாந்தின் ஸ்டார் சேம்பர் நீதிமன்றம், இறந்துபோன ஒரு பேராயரையும் உயிரோடிருந்த ஒரு பேராயரையும் கேலி செய்த ஒரு பாட்டை விசாரித்தது. தனி மனிதனைப் பழித்தால் அவன் பழிவாங்கக் கிளம்புவான், ஊர் அமைதி கெடும். அதிகாரியைப் பழித்தால் அரசுக்கே களங்கம். அதனால் அது குற்றம், எழுதியது உண்மையாக இருந்தாலும் தப்ப முடியாது என்றார்கள். பழிக்கப்பட்டவரின் மனசு அங்கே ஒரு பொருட்டே இல்லை. அந்த வேரிலிருந்து வந்ததுதான் 1860-இன் இந்திய தண்டனைச் சட்டத்தில் 499-ஆம் பிரிவு. இப்போது அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 356 என்று எண் மாறியிருக்கிறது. இரண்டு வருடம் வரை சிறை அப்படியே இருக்கிறது, சமூக சேவை புதிதாகச் சேர்ந்திருக்கிறது. இன்றும் எழுதியது உண்மை என்று நிரூபித்தால் மட்டும் போதாது, பொது நன்மைக்காக எழுதினேன் என்றும் காட்ட வேண்டும். இலங்கை 2002-இல் குற்றவியல் அவதூறை நீக்கியது. அதைப் பெற்றெடுத்த இங்கிலாந்திலேயே 2010-இல் போய்விட்டது. இந்திய உச்ச நீதிமன்றம் மட்டும் 2016-இல், மானம் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று சொல்லி இதைத் தக்கவைத்தது. மானம் பெரிது என்பதில் எனக்கும் சண்டையில்லை. அதைக் காக்கச் சிறைதான் வேண்டும் என்று தாவும் இடத்தில்தான் சண்டை.

அந்த இரண்டு வருடம் என்ன செய்யும் என்று 2023-இல் பார்த்தோம். ஒரு தேர்தல் பேச்சுக்காக ராகுல் காந்திக்கு சூரத் நீதிமன்றம் முழு இரண்டு வருடம் கொடுத்தது. இரண்டு வருடம் என்றால் எம்.பி. பதவி போகும், ஒரு நாள் குறைந்திருந்தால் போயிருக்காது. தீர்ப்பை நிறுத்திவைத்தபோது உச்ச நீதிமன்றமே இதைச் சொன்னது. (அவர் பேசியது நாகரிகமா என்று கேட்காதீர்கள், இல்லைதான்.) இன்னொன்று, அமைச்சரின் அரசுப் பணியைப் பற்றி எழுதினால் அவர் நேரில் வந்து புகார் கொடுக்கக்கூட வேண்டாம். அவர் சார்பில் அரசு வழக்கறிஞரே செஷன்ஸ் கோர்ட்டில் வழக்குப் போடலாம், செலவு மக்கள் பணம். நீங்கள் ஒரே ஆயுதம் என்று சொல்லும் அதே கத்தி அவர்கள் கையில் எப்படி வெட்டுகிறது, பாருங்கள்.

அப்படியானால் உங்களுக்கு என்ன வழி? மிரட்டிப் பணம் பறிப்பது, படத்தை ஒட்டவைத்து அசிங்கப்படுத்துவது எல்லாம் தனிக் குற்றங்கள், அவை இருக்கட்டும். வெறும் பழிச்சொல்லுக்குக் குறைந்த கட்டணத்தில், சில மாதத்தில் முடிகிற ஒரு சிவில் விசாரணை வேண்டும். பணமே முக்கியமில்லை, மறுப்பு வர வேண்டும், அதுவும் அதே இடத்தில். இன்று அப்படி ஒன்று இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அது வரும்வரை சும்மா இருங்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்று யோசித்துக்கொள்ளுங்கள்: தனிநபர் புகாரில் முதலில் வாக்குமூலம் கொடுக்கப் போவது நீங்கள்தான். அப்புறம் குறுக்கு விசாரணையில் அந்த ஆறு வருடக் கணக்கையும் எதிர்த்தரப்பு வக்கீல் ஒவ்வொன்றாகக் கிளறுவார். வராந்தாவில் நிற்கப் போவது அவர் மட்டுமில்லை. அதனால் முதலில் ஒரு வக்கீல் நோட்டீஸ். தணிக்கை அறிக்கையின் நகலை இணைத்து, அதே குழுவில், அதே 400 பேர் படிக்கும்படி மறுப்பும் மன்னிப்பும் எழுதச் சொல்லிக் கேளுங்கள். பதில் வராவிட்டால் அடுத்ததை முடிவு செய்யலாம்.

அவர் அதை எழுதிய தேதியை உங்கள் கடிதத்தில் காணோம். கிரிமினல் புகாருக்கு மூன்று வருடம் அவகாசம் உண்டு. சிவில் வழக்குக்கு ஒரே வருடம்தான். முதலில் தேதியைப் பாருங்கள்.