வைஃபை இருக்கிறது, நெட் இல்லை: கேள்வி பதில்

கேள்வி: வைஃபை குறி முழுதாகத் தெரிகிறது. ஆனால் எந்தத் தளமும் திறக்கவில்லை. வைஃபை வந்தால் நெட்டும் வர வேண்டும்தானே சார்?

பதில்: இல்லை. அந்தக் குறி உங்கள் கருவிக்கும் ரவுட்டருக்கும் நடுவே உள்ள தொடர்பை மட்டும்தான் காட்டும். வெளியே லைன் அறுந்து கிடந்தாலும் குறி முழுதாகவே நிற்கும்.

எதையும் மாற்றுவதற்கு முன் எங்கே அறுந்திருக்கிறது என்று பாருங்கள். விண்டோஸில் கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் கமாண்ட் ப்ராம்ப்ட்டில் பிங் கட்டளையை மூன்று முறை கொடுத்தால் போதும்; ஒரு முகவரிக்குச் சிறு செய்தி அனுப்பி, பதில் வருகிறதா, எவ்வளவு நேரத்தில் வருகிறது என்று அது காட்டும். முதலில் ரவுட்டருக்கு. அதன் முகவரி பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1; நெட்வொர்க் விவரங்களில் 'டிஃபால்ட் கேட்வே' என்ற வரியில் இருக்கும். பதில் வராவிட்டால் சிக்கல் வீட்டுக்குள்ளேயே, உங்கள் கருவிக்கும் ரவுட்டருக்கும் இடையில். (பிங்குக்குப் பதில் தராதபடி அமைத்த ரவுட்டர்களும் உண்டு, அப்படியானால் ரவுட்டரின் அமைப்புப் பக்கம் பிரவுசரில் திறக்கிறதா பாருங்கள்.) பதில் வந்தால் அடுத்து 8.8.8.8. இது கூகுளின் டிஎன்எஸ் சர்வர். இங்கே பதில் நின்றால் கோளாறு ரவுட்டரிலோ அதற்கு அப்பால் லைனிலோ இருக்கிறது. அதுவும் வந்தால், மூன்றாவதாக ஏதாவது ஒரு தளத்தின் பெயரைக் கொடுங்கள். எண்ணுக்குப் பதில் வருகிறது, பெயரைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்கிறது என்றால், பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ்தான் வேலை செய்யவில்லை. நெட்வொர்க் அமைப்பில் டிஎன்எஸ் முகவரியாக 8.8.8.8, 1.1.1.1 இரண்டையும் கொடுத்துப் பாருங்கள்.

பிங்கை மைக் மூஸ் என்ற அமெரிக்கப் புரோகிராமர் 1983 டிசம்பரில் எழுதினார், அதுவும் தன் நெட்வொர்க்கில் வந்த ஒரு விசித்திரக் கோளாறைத் தேடுவதற்காகவே. இன்றும் என் கை முதலில் போவது அதனிடம்தான்.

கேள்வி: என் லேப்டாப்பின் ஐபி முகவரி 169.254 என்று தொடங்குகிறது. யாராவது ஹேக் செய்துவிட்டார்களா?

பதில்: பயப்படாதீர்கள், ஹேக்கிங் இல்லை. கருவிகளுக்கு முகவரி வழங்குவது வழக்கமாக ரவுட்டரின் வேலை. கேட்டும் கிடைக்காதபோது லேப்டாப் தானே ஒன்றை வைத்துக்கொள்கிறது; அதுதான் 169.254. அதை வைத்துக்கொண்டு வெளியே போக முடியாது. மற்ற கருவிகள் நன்றாக ஓடினால், லேப்டாப்பில் அந்த வைஃபையை 'ஃபர்கெட்' கொடுத்து, பாஸ்வேர்டு போட்டு மறுபடி சேருங்கள். எல்லாக் கருவியிலும் இதே கதை என்றால் ரவுட்டரை ஒருமுறை அணைத்துப் போடுங்கள்.

கேள்வி: ரவுட்டரை ஆஃப் செய்து ஆன் செய்தால் சரியாகிவிடுகிறது. தினமும் இப்படியே செய்யலாமா?

பதில்: செய்வதில் கெடுதல் இல்லை. ஆனால் தினமும் தேவைப்படுகிறதென்றால் உள்ளே ஏதோ கோளாறு இருக்கிறது, அதை ஒவ்வொரு முறையும் நீங்களே மறைத்துவிடுகிறீர்கள். அணைப்பதற்கு முன் விளக்குகளை ஃபோனில் ஒரு படம் எடுங்கள். ஃபைபர் இணைப்பில் 'எல்ஓஎஸ்' விளக்கு சிவப்பாக இருந்தால் ஒளி வந்து சேரவில்லை என்று பொருள். ஆன் ஆஃப் செய்வதால் அது திரும்பாது. கண்ணாடி இழை எங்காவது மடிந்திருக்கிறதா பாருங்கள், ஆனால் முனையைக் கழற்றிக் கண்ணருகே கொண்டுபோகாதீர்கள். விளக்குகள் மொத்தமும் திடீரென அணைந்து தானாகவே மறுபடி எரிந்தால் பவர் அடாப்டரைச் சந்தேகியுங்கள். ரவுட்டர் தொட்டால் சுடுகிறதா? மூடிய அலமாரியிலிருந்து வெளியே எடுத்து வையுங்கள்.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: ஊசியால் அழுத்தும் ரீசெட் துளையைத் தொடாதீர்கள். அது ரீஸ்டார்ட் அல்ல. எல்லா அமைப்பையும் அழித்துவிடும். உறவினர் வீட்டில் ஒருமுறை அதை அழுத்திவிட்டேன். இணைப்புக்கான யூசர்நேமும் பாஸ்வேர்டும் யாரும் குறித்து வைத்திருக்கவில்லை. இரண்டு நாள் அந்த வீட்டில் நெட் இல்லை.

கேள்வி: 100 எம்பிபிஎஸ் திட்டத்துக்குப் பணம் கட்டுகிறேன். டவுன்லோடு 12 எம்பியைத் தாண்டவில்லை. ஏமாற்றுகிறார்களா?

பதில்: இல்லை, சரியாகத்தான் வருகிறது. திட்டம் மெகாபிட்டில், டவுன்லோடு மெகாபைட்டில். 8 பிட் ஒரு பைட். 100ஐ 8ஆல் வகுத்தால் 12.5.

கேள்வி: அண்ணா, என் திட்டம் 300. கேபிள் போட்டும் 95க்கு மேல் போகவே மாட்டேங்குது.

பதில்: தம்பி, அந்த 95 என்ற எண்ணே விடையைச் சொல்கிறது. கேபிள் இணைப்பு கிகாபிட்டில் (1000 எம்பிபிஎஸ்) ஓடாமல் 100க்கு இறங்கி ஓடுகிறது. 100க்கு நான்கு கம்பி போதும், கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். முனையில் ஒரு கம்பி விட்டுப்போயிருந்தாலும் இணைப்பு சத்தமில்லாமல் இறங்கிவிடும். வேறு கேபிளைப் போட்டுப் பார். அப்படியும் அதே 95 என்றால் ரவுட்டரின் போர்ட்டோ கம்ப்யூட்டரின் போர்ட்டோ 100 வகையாக இருக்கும்.

கேள்வி: ஸ்பீட் டெஸ்டில் வேகம் நன்றாக இருக்கிறது. ஆனால் வீட்டில் யாராவது வீடியோவை அப்லோடு செய்தால் என் மீட்டிங்கில் குரல் உடைகிறது. வைஃபை கோளாறா?

பதில்: யூகிக்க வேண்டாம், அளந்துவிடலாம். இரண்டு கமாண்ட் ப்ராம்ப்ட் சன்னல் திறந்து, ஒன்றில் ரவுட்டருக்கும் மற்றதில் 8.8.8.8க்கும் நிற்காமல் பிங் ஓடவிடுங்கள். இப்போது அப்லோடைத் தொடங்கச் சொல்லுங்கள். ரவுட்டருக்கான நேரமே தாறுமாறாக ஏறினால் வைஃபைதான். 2.4 கிகாஹெர்ட்ஸில் இருந்தால் 5க்கு மாறுங்கள். சுவர் தாண்டி 5 எட்டாவிட்டால் 2.4லேயே இருந்து, சேனல் 1, 6, 11இல் நெரிசல் குறைந்ததைத் தேர்ந்தெடுங்கள். மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைவரிசையில்தான் குறுக்கிடும்.

ரவுட்டருக்கான நேரம் அசையாமல் இருந்து, வெளியே போவது மட்டும் 20 மில்லிசெகண்டிலிருந்து 400, 500 என்று தாவுகிறதா? அப்படியானால் அப்லோடு பாதை நிரம்பி வழிகிறது. உங்கள் குரல் அந்தப் பெரிய ஃபைலுக்குப் பின்னால் வரிசையில் நிற்கிறது. அதிக வேகத் திட்டம் வாங்கும் முன் ரவுட்டரில் 'க்யூஓஎஸ்' (எது முதலில் போக வேண்டும் என்று முறைப்படுத்தும் வசதி) இருக்கிறதா பாருங்கள். அங்கே அப்லோடு வரம்பை, நீங்கள் அளந்த வேகத்தைவிடப் பத்து சதவீதம் குறைத்து வையுங்கள். வரிசை ரவுட்டரின் கட்டுப்பாட்டுக்குள் வந்துவிடும்.

கேள்வி: பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் மட்டும் எந்தத் தளத்துக்குப் போனாலும் 'பாதுகாப்பற்ற இணைப்பு' என்கிறது.

பதில்: தேதியைப் பாருங்கள். கடிகாரம் பல வருடம் பின்னால் போயிருந்தால் தளங்களின் சான்றிதழ்கள் செல்லாதவையாகத் தோன்றும். திருத்திய பிறகும் ஒவ்வொரு முறை அணைக்கும்போது தேதி மாறினால் மதர்போர்டில் உள்ள நாணய அளவு பேட்டரியை மாற்றுங்கள்.

கேள்வி: கஸ்டமர் கேருக்கு அழைத்தால் "ரீஸ்டார்ட் செய்யுங்கள்" என்றுதான் சொல்கிறார்கள். என்ன சொன்னால் ஆள் அனுப்புவார்கள்?

பதில்: "நெட் வரவில்லை" என்று சொல்லாதீர்கள். இப்படிச் சொல்லுங்கள்: "வைஃபையில் இல்லை, கேபிளில் சோதித்தேன். கேட்வேக்குப் பிங் போகிறது, 8.8.8.8க்குப் போகவில்லை. காலை 9.40 முதல் எல்ஓஎஸ் சிவப்பாக இருக்கிறது. ரீஸ்டார்ட் செய்தாகிவிட்டது." எதிரில் இருப்பவர் கேட்க வேண்டிய கேள்விகளுக்கெல்லாம் இதில் பதில் இருக்கிறது. புகார் எண்ணை வாங்கிக் குறித்துக்கொண்ட பிறகே ஃபோனை வையுங்கள்.