ஸ்பொன்சர் மறுக்கப்பட்டுவிட்டது, இனி யாரிடம் போவது?

கனடாவில், ஸ்காபரோவில் இருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். பீ.ஆர். என்கிற நிரந்தர வதிவிடம் உள்ளவர், ஒரு வெயர்ஹவுஸில் இரவு வேலை. ஊரில், சாவகச்சேரியில், கலியாணம் முடித்துவிட்டு வந்து, மனைவியை இங்கே நிரந்தரமாக எடுக்க ஸ்பொன்சர் போட்டிருந்தார். மனைவிக்கு நேர்முகம் நடந்தது. ஒன்பது நாட்களுக்கு முன் மறுப்புக் கடிதம் வந்திருக்கிறது, இது உண்மையான திருமணம் என்று அதிகாரிக்குத் திருப்தி இல்லையாம். பக்கத்துப் பிளாசாவில் ஓர் அலுவலகத்தில் கேட்டதற்கு, "அப்பீல் இழுபடும், புதுசாகப் போடுவோம், கட்டாயம் கிடைக்கும், 4,500 டொலர், காசாகத் தாங்கோ" என்று சொல்லியிருக்கிறார்கள். நல்ல லோயரை எப்படிக் கண்டுபிடிப்பது, அப்பீலா புது விண்ணப்பமா, இடையில் மனைவியை விசிற் விசாவில் எடுக்கலாமா என்று கேட்கிறார். கடைசி வரியில் தன் தம்பியின் வேலை பெர்மிட் பற்றியும் ஒரு கேள்வி.

தம்பி, லோயரைத் தேடுவதற்கு முதல் அந்தக் கடிதம் எந்தத் தேதியில் உங்களுக்குக் கிடைத்தது என்று பாருங்கள். மனைவி வெளிநாட்டில் இருக்கும்போது போட்ட குடும்ப ஸ்பொன்சர் மறுக்கப்பட்டால், ஐ.ஏ.டி. என்கிற குடிவரவு மேல்முறையீட்டுப் பிரிவுக்குப் போக ஸ்பொன்சர் செய்தவருக்கு உரிமை உண்டு, அதற்கான அவகாசம் காரணங்கள் எழுத்தில் கிடைத்ததில் இருந்து 30 நாட்கள். உங்களுக்கு இன்னும் 21 நாட்கள் இருக்கின்றன. லோயர் அதற்குள் கிடைக்காவிட்டால் மேல்முறையீட்டு அறிவிப்பை நீங்களே நிரப்பி, மறுப்புக் கடிதத்தின் பிரதியோடு அனுப்பிவிடலாம். அந்தப் படிவத்தில் வழக்கை வாதாட வேண்டியதில்லை, கதவை மூடவிடாமல் பிடித்துவைக்கிற வேலைதான் அது. லோயரைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். மனைவி கனடாவுக்குள் இருக்கும்போது உள்நாட்டுப் பிரிவில் போட்ட விண்ணப்பத்துக்கு இந்த உரிமை கிடையாது. அது பெடரல் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும், அங்கே 15 நாள் கணக்கு. உங்களுடையது முதல் வகை, அது நல்ல விஷயம்.

நாட்கள் விஷயத்தில் நான் இப்படி அடித்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் ஓர் அக்கா என்னிடம் வந்தார். ஸ்பொன்சருக்கு என்ன ஆனது என்று தெரியவில்லை, போட்டுத்தந்தவர் தொலைபேசி எடுப்பதில்லை என்றார். கையில் ஒரு பிளாஸ்ரிக் பை. ரசீது இருக்கிறதா என்று கேட்டேன், பைக்குள் கிளறி ஒரு விசிற்றிங் காட்டை எடுத்துத் தந்தார், அதன் பின்பக்கம் நீலப் பேனாவால் '2000 கிடைத்தது' என்று எழுதியிருந்தது, கையெழுத்துக்கூட இல்லை. அவர் பெயரில் ஈமெயில் திறந்தவர் அந்த ஆள், பாஸ்வேர்ட் அவரிடம் மட்டும். ஒருவழியாக அந்தக் கணக்குக்குள் போனபோது மறுப்புக் கடிதம் வந்து 51 நாட்கள் ஆகியிருந்தன. விண்ணப்பத்தைப் புரட்டிப் பார்த்தால், பிரதிநிதி யார் என்று அறிவிக்கிற ஐ.எம்.எம். 5476 படிவமே இல்லை. அதாவது குடிவரவுத் திணைக்களத்தைப் பொறுத்தவரை எல்லாவற்றையும் அந்த அக்கா தானே எழுதி அனுப்பியிருக்கிறார். கால அவகாசத்தை நீட்டிக் கேட்கலாம், கேட்டோம், ஆனால் அது ஐ.ஏ.டி. மனம் வைத்தால் கிடைக்கிற ஒன்று. அதற்காக அவர் பட்ட பாடும் செலவும் தேவையே இல்லாதது.

கனடாவில் காசு வாங்கிக்கொண்டு குடிவரவு ஆலோசனை சொல்ல யாருக்கு அனுமதி என்பதைக் குடிவரவு, அகதிகள் பாதுகாப்புச் சட்டத்தின் 91ஆவது பிரிவு சொல்கிறது. ஏதாவது ஒரு மாகாணச் சட்டச் சங்கத்தின் லோயர்கள், லோயர் அல்லாவிட்டாலும் சட்டச் சங்கத்தில் உரிமம் பெற்ற பராலீகல்கள், கியூபெக்கின் நொத்தாரிசுகள், ஆலோசகர் கொலிஜின் உறுப்பினர்கள், அவ்வளவுதான். கொலிஜ் என்ற பெயரைப் பார்த்துப் படிப்பிக்கிற இடம் என்று நினைக்க வேண்டாம், ஆலோசகர்களுக்கு உரிமம் கொடுத்துக் கண்காணிக்கிற அமைப்பு அது, 2021 நவம்பரில் தொடங்கியது. நம் ஆட்களுக்கு நொத்தாரிசு என்ற சொல்லிலும் ஒரு சிக்கல் உண்டு. ஊரில் நொத்தாரிசு என்றால் காணி உறுதி முடிக்கிற, சட்டம் தெரிந்த ஆள், அந்த மரியாதையோடு இங்கே 'நோட்டரி பப்ளிக்' போர்டைப் பார்த்துவிட்டு உள்ளே போகிறார்கள். ஒன்ராறியோவில் நோட்டரி என்ற தகுதி மட்டும் இருப்பவர் பிரதியை உறுதிப்படுத்தலாம், சத்தியக் கடதாசியில் கையெழுத்து வாங்கலாம், குடிவரவு வழக்கைக் கையில் எடுக்க முடியாது. யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் சென்னையிலும் இருக்கிற ஏஜென்ட்களுக்கும் இதே 91ஆம் பிரிவுதான், வெளிநாட்டில் இருப்பதால் விலக்கு இல்லை.

பிளாசாக்காரர் யார் என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும். லோயர் என்றால் ஒன்ராறியோ சட்டச் சங்கத்தின் இணையப் பட்டியலிலும், ஆலோசகர் என்றால் கொலிஜின் பொதுப் பதிவேட்டிலும் பெயரைத் தட்டுங்கள். உரிமம் செல்லுபடியாகிறதா, ஒழுங்கு நடவடிக்கை ஏதும் உண்டா என்று தெரியும். அலுவலகத்தின் பெயரைத் தட்டாதீர்கள், உங்கள் பைலில் கையெழுத்துப் போடப்போகிற ஆளின் பெயரைத் தட்டுங்கள், ஏனென்றால் போர்டில் ஒருவர் பெயரும் மேசையில் வேறொருவரும் இருப்பது புதிதல்ல. ஆலோசகராக இருந்தால் இன்னொன்றும் பார்க்க வேண்டும். ஐ.ஏ.டி. என்பது குடிவரவு அகதிகள் சபையின் ஒரு பிரிவு. அந்தச் சபையின் முன் நிற்க ஆர்.சி.ஐ.சி.-ஐ.ஆர்.பி. என்ற தனி வகுப்பு உரிமம் வேண்டும், சாதாரண உரிமம் போதாது. "அப்பீல் வேண்டாம், புதுசாகப் போடுவோம்" என்று ஒருவர் அவசரப்படுத்தும்போது, அவரால் அப்பீல் செய்ய முடியுமா என்ற கேள்வி முதலில் வர வேண்டும்.

உரிமம் இருந்தால் மட்டும் நல்ல லோயர் ஆகிவிட மாட்டார். நம்மவர்களில் பலர் வீடு வாங்கியபோது குளோசிங் செய்த லோயரிடமே குடிவரவுக்கும் போகிறார்கள், முகம் தெரிந்தவர், தமிழில் பேசுவார் என்ற நம்பிக்கையில். அவரும் சட்டப்படி இதைச் செய்யலாம், ஆனால் செய்து பழக்கமா என்று கேளுங்கள். கடைசி இரண்டு வருடத்தில் ஐ.ஏ.டி.யில் எத்தனை திருமண ஸ்பொன்சர் அப்பீல் நடத்தினீர்கள், விசாரணையன்று நிற்பது நீங்களா உங்கள் உதவியாளரா என்று நேராகக் கேட்கலாம், இந்தத் தொழிலில் இருக்கிற எனக்கு அப்படிக் கேட்பவர்கள் மேல் மரியாதைதான் வரும். சட்டச் சங்கம் குடிவரவுச் சட்டத்தில் சிறப்புத் தேர்ச்சி பெற்றவர்களுக்குத் தனிச் சான்றிதழ் கொடுக்கிறது, அதையும் பார்க்கலாம். சட்டச் சங்கத்தின் பரிந்துரைச் சேவை வழியாகப் போனால் முதல் ஆலோசனை அரை மணி நேரம் வரை இலவசம். குடிவரவு பெடரல் சட்டம் என்பதால் லோயர் ஸ்காபரோவில்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை, விசாரணைகளும் இப்போது பெரும்பாலும் காணொளி வழியாக நடக்கின்றன. கையில் காசு இல்லாதவர்களுக்கு ரொறன்ரோவில் தெற்காசியச் சட்ட உதவி மையமும் வட்டாரச் சட்ட உதவி மையங்களும் இருக்கின்றன. லீகல் எய்ட் என்கிற அரச சட்ட உதவி, குடிவரவு விஷயத்தில் முதன்மையாக அகதி வழக்குகளுக்குத்தான்.

காசு விஷயம் எழுத்தில் இருக்க வேண்டும். என்ன வேலை, எவ்வளவு, எச்.எஸ்.ரி. வரி 13 வீதம் சேர்த்தா சேர்க்காமலா, விசாரணை ஒரு நாளுக்கு மேல் போனால் என்ன என்று ஒப்பந்தத்தில் எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். முற்பணம், கட்சிக்காரரின் காசைத் தனியாக வைக்கிற லோயரின் ட்ரஸ்ட் கணக்குக்குப் போக வேண்டும், ரசீது வர வேண்டும். கட்டாயம் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் எழும்பி வந்துவிடுங்கள். முடிவு எடுப்பது அதிகாரி, ஐ.ஏ.டி. உறுப்பினர் அல்லது நீதிபதி, லோயருக்கு அந்த அதிகாரம் இல்லை, உரிமம் உள்ள யாரும் அப்படி வாக்குக் கொடுக்கவும் கூடாது.

சரி, அப்பீலா புது விண்ணப்பமா? உங்கள் விஷயத்தில் நான் அப்பீல் பக்கம்தான். ஐ.ஏ.டி. பழைய பைலை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்வதில்லை, புது ஆதாரம் ஏற்கும், நீங்கள் சாட்சி சொல்லலாம், மனைவி தொலைபேசியிலோ காணொளியிலோ பேசலாம். புதுசாகப் போட்டால் இந்த மறுப்பு பைலில் அப்படியே கிடக்கும், அதற்குப் பதில் சொல்லாமல் போட்ட விண்ணப்பம் அநேகமாக அதே இடத்தில் வந்து நிற்கும். நீங்கள் எனக்கு அனுப்பிய மறுப்புக் கடிதத்தின் பிரதியில் ஒரு வரி என் கண்ணில் பட்டது. கலியாணத் தேதியைக் கேட்டதற்கு மனைவி சொன்னதும் நீங்கள் படிவத்தில் எழுதியதும் வேறு என்று அதிகாரி குறித்திருக்கிறார். நீங்கள் எழுதியது எழுத்து, அதாவது திருமணப் பதிவு, நடந்த நாள், அவர் சொன்னது தாலி கட்டிய நாள், இல்லையா? நம் ஊரில் எழுத்து முதலில் நடந்து, மாதங்கள் கழித்துத் தாலி கட்டுவது சாதாரணம், தாலி ஏறினால்தான் கலியாணம் என்று நினைக்கிற பெண் அந்த நாளைத்தான் சொல்வாள். வேற்று நாட்டு அதிகாரிக்கு அது பொய்யாகத் தெரியும். இதை விளக்குகிற சத்தியக் கடதாசி ஒன்று உங்களிடமிருந்தும், இரண்டு வீட்டுப் பெரியவர்களிடமிருந்தும் வேண்டும். அதோடு பொருத்தம் பார்த்த தாள், அழைப்பிதழ், மண்டபத்துக்குக் கட்டிய ரசீது, மொய் எழுதிய கொப்பி, பிறகு நீங்கள் ஊருக்குப் போன பயணச் சீட்டுகள், மாதாமாதம் அனுப்பிய காசின் விபரம். வாட்ஸ்அப்பில் பேசிய பதிவை ஆயிரம் பக்கம் அச்சடித்துக் கொடுப்பதைவிட மாதத்துக்கு இரண்டு பக்கம் தேர்ந்து, தமிழில் உள்ளதை மொழிபெயர்த்துக் கொடுப்பது நல்லது. இரவு வேலை என்றீர்களே, எந்த நேரத்தில் வேலைக்குப் போகிறீர்கள், யாரோடு வாடகைக்கு இருக்கிறீர்கள் என்று மனைவிக்குத் தெரியுமா? நேர்முகத்தில் தடுமாறுவது பெரும்பாலும் இந்த மாதிரிச் சின்னக் கேள்விகளில்தான். பாடமாக்கிக் கொடுக்க வேண்டாம், பேசுங்கள், போதும்.

விசிற் விசா போடலாம். நிரந்தரமாக வர விரும்புகிறவர் தற்காலிகமாகவும் வரலாம் என்று சட்டத்தின் 22(2) பிரிவு சொல்கிறது, ஆனால் திரும்பிப் போவார் என்று அதிகாரியை நம்பவைக்க வேண்டும், உங்கள் நிலையில் அது கஷ்டம். முக்கியமாக, முன்பு மறுக்கப்பட்டதா என்ற கேள்விக்கு 'ஆம்' என்றுதான் எழுத வேண்டும். எந்த நாடு மறுத்திருந்தாலும் இதே பதில்தான். மறைத்தால் 40ஆவது பிரிவின்படி ஐந்து வருடத் தடை, அதை ஏஜென்ட் எழுதினான், எனக்குத் தெரியாது என்று சொல்லித் தப்ப முடியாது, கையெழுத்து மனைவியுடையது. எதையும் அனுப்புவதற்கு முன் ஒவ்வொரு பக்கத்தையும் தமிழில் வாசித்துக்காட்டச் சொல்லுங்கள், முழுப் பைலின் பிரதியும் உங்களிடம் இருக்க வேண்டும், ஈமெயில் உங்களுடையதாக இருக்க வேண்டும்.

உங்கள் தம்பிக்கு: பெர்மிட் முடிகிற நாளுக்கு முன்பே நீடிக்கப் போட்டால், பதில் வரும் வரை பழைய நிபந்தனைகளின்படி இங்கேயே இருந்து வேலை செய்யலாம். நாள் தவறினால் 90 நாட்களுக்குள் நிலையை மீட்டெடுக்கக் கேட்கலாம், ஆனால் அந்த இடைவெளியில் வேலை செய்யக் கூடாது. எல்.எம்.ஐ.ஏ. (வெளிநாட்டவரை வேலைக்கு எடுக்க முதலாளி பெறுகிற அனுமதி) வேலைக் கடிதம் காசுக்கு வாங்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் கொடுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். வேலை விற்பது சட்டவிரோதம், அதோடு புள்ளிக் கணக்கில் பீ.ஆர். கொடுக்கிற எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையில் வேலை வாய்ப்புக் கடிதத்துக்குக் கிடைத்த புள்ளிகளையே 2025 மார்ச் 25 முதல் எடுத்துவிட்டார்கள். இன்றைக்கும் பழைய புள்ளிக் கணக்கைக் காட்டி விற்கிறார்கள்.

லோயரைச் சந்திக்கப் போகும்போது மறுப்புக் கடிதம், அது எப்போது வந்தது என்று காட்டுகிற ஈமெயில், நீங்கள் அனுப்பிய படிவங்களின் பிரதி, இரண்டு தேதிக்குமான கலியாணப் படங்கள், இவற்றைக் கொண்டுபோங்கள். திங்கட்கிழமையே மூன்று பேருக்குத் தொலைபேசி எடுங்கள், அந்த வாரம் யாரும் நேரம் தராவிட்டால் அறிவிப்புப் படிவத்தை நீங்களே அனுப்பிவிட்டு, அது கிடைத்ததற்கான பதிலைச் சேமித்து வையுங்கள்.