கார்பன் பதிவுக்கு முத்திரைத்தாள் கேட்கிறார்கள், கொடுக்கலாமா?

கேள்வி: திருத்துறைப்பூண்டி அருகே ஐந்து ஏக்கரில் நெல் சாகுபடி செய்கிறேன். நெல் வயலிலிருந்து வெளியேறும் வாயுவுக்கு உலக ஒப்பந்தப்படி இனி அபராதம் வரும் என்றும், கார்பன் பதிவு செய்துகொண்டால் அபராதமின்றி ஆண்டுதோறும் பணமும் வரும் என்றும் ஒருவர் சொல்கிறார். பதிவுக் கட்டணத்துடன் சிட்டா நகலும், கையெழுத்திட்ட வெற்று முத்திரைத்தாளும் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: எதையும் கொடுக்காதீர்கள். 2016 நவம்பர் 4 அன்று நடைமுறைக்கு வந்த பாரிஸ் ஒப்பந்தம் நாடுகளைக் கட்டுப்படுத்துவது. தனி விவசாயிக்கு அபராதம் விதிக்க அதில் இடமே இல்லை. மொத்த உள்நாட்டு உற்பத்தியின் ஒவ்வொரு ரூபாய்க்கும் வெளியாகும் பசுமைக்குடில் வாயுக்களை 2005 அளவிலிருந்து 2030க்குள் 45 சதவீதம் குறைப்பதாக நம் அரசு வாக்களித்திருக்கிறது. நெல் வயலிலிருந்து வெளியேறும் வாயுவான மீத்தேனைக் குறைப்பதற்கென்று 2021இல் கிளாஸ்கோவில் பல நாடுகள் அளித்த தனி உறுதிமொழியில் இந்தியா சேரவேயில்லை.

கார்பன் வரவு என்பது மட்டும் உண்மை. ஒரு டன் கரியமில வாயுவுக்கு ஈடான குறைப்புக்கு, விற்கக்கூடிய ஒரு வரவு. தேங்கிய நீரில் மீத்தேன் உருவாவதால், காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டினால் அது குறையும். ஆனால் ஓர் ஏக்கரில் ஒரு போகத்துக்கு ஓரிரு டன்னைத் தாண்டுவது அரிது. அதையும் அளந்து, சரிபார்த்து, விற்ற பிறகே பணம். விற்பதற்கு முன்பே விவசாயியிடம் கட்டணம் கேட்பவர் தரகர், அவ்வளவுதான். சரிபார்ப்பில் தேறாததால் சீனாவின் 37 நெல் திட்டங்களை கார்பன் வரவுகளைப் பதியும் வெரா என்ற பதிவகமே 2024இல் நிராகரித்தது.

ஒரு விதிவிலக்கைச் சொல்லியாக வேண்டும். ஆழ்துளைக் கிணறு வைத்துக் குறுவை போடுபவர், நீரை நிறுத்துவதும் விடுவதும் தம் கையில் இருப்பதால், முறையான திட்டத்தில் சேர்ந்து பயனடையக்கூடும். மேட்டூர் நீரை முறை வைத்துப் பெறும் கடைமடைக்காரருக்கு அந்த வசதி இல்லை. இன்று காயவிட்டால் நாளை தண்ணீர் வருமா என்று யார் சொல்வது? சம்பாவிலோ வடகிழக்குப் பருவமழையில் வடிகாலே நிரம்பி நிற்கையில் வயலைக் காயவைப்பது நடவாத காரியம். தரகர் உங்களிடம் கிணறு உண்டா, எந்தப் பட்டம் என்று கேட்டாரா? கேட்டிருக்க மாட்டார்.

வேளாண் விரிவாக்க மையத்தின் சுவரில் தமிழில் பத்து வரி அறிவிப்பு ஒட்டியிருந்தால் இந்தத் தரகர்களுக்குப் பிழைப்பே இருந்திருக்காது. மானியத்துக்குப் படிவம் மேல் படிவமாகக் கேட்பவர்களுக்கு இதற்கு மட்டும் நேரம் கிடைப்பதில்லை.

முத்திரைத்தாளை ஏற்கெனவே கொடுத்திருந்தால், அதைத் திருப்பித் தருமாறு விரைவு அஞ்சலில் (ஸ்பீட் போஸ்ட்) கடிதம் அனுப்பி, அதன் நகலுடன் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, ரசீது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.