வாசகர் கேள்வி – பதில்: ஆறே ஆட்டத்தில் ஹைஸ்மன்

கேள்வி: 1943-ல் அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் (கையால் பந்தை வீசி ஆடும் அமெரிக்க ஆட்டம்) ஆண்டின் சிறந்த வீரருக்கான ஹைஸ்மன் விருதை வாங்கிய ஏஞ்சலோ பெர்டெல்லி, அந்த சீசனில் ஆறு ஆட்டம்தான் ஆடினாராமே? காயமா?

பதில்: காயமில்லை. நோட்டர்டேம் பல்கலைக்கழக அணியின் குவார்ட்டர்பேக்கான (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர்) அவர், இரண்டாம் உலகப் போர் நடந்த அந்த நேரத்தில், கடற்படையோடு இணைந்த மரைன் படையில் சேர்ந்திருந்தார். பாதி சீசனில் அழைப்பு வந்துவிட்டது. அந்த ஆறு ஆட்டத்தில் 36 முறை பந்தை வீசினார். 25 முறை அது சக வீரரின் கைக்குப் போனது, அதில் 10 டச்டவுன் (எதிரணியின் எல்லைக்குள் பந்தைச் சேர்த்துப் புள்ளி எடுப்பது)! அக்டோபர் 30-ல் நேவி அணியை (கடற்படை அகாடமி அணி) வென்றதோடு கிளம்பினார். அடுத்த வாரம் தரைப்படை அகாடமியின் ஆர்மி அணியை எதிர்த்து அவர் இடத்தில் இறங்கியவர் 18 வயது ஜானி லுஜாக். நோட்டர்டேம் 26-0 என ஜெயித்தது.

அதிகாரிகளைக் கல்லூரியிலேயே தயார்செய்ய, கடற்படை அந்த ஜூலை 1-ல் வி-12 திட்டத்தைத் தொடங்கியிருந்தது. ஆண்டுக்கு மூன்று பருவம். ஜூலை, நவம்பர், மார்ச்சில் தொடக்கம். ஃபுட்பால் சீசனோ செப்டம்பர் முதல் நவம்பர் வரை. நவம்பர் 1 வந்தால் பயிற்சி முடித்தவர்கள் முகாமுக்குப் போய்விடுவார்கள். எத்தனையோ கோச்சுகளின் அணி நடுவில் குலைந்தது இதனால்தான்.

கேள்வி: எல்ராய் ஹிர்ஷ் 1942-ல் விஸ்கான்சினுக்கும் அடுத்த ஆண்டே மிச்சிகனுக்கும் ஆடியது எப்படி?

பதில்: அவரும் வி-12 மரைன்தான். படை மிச்சிகனுக்கு அனுப்பியது, அங்கே ஆடினார். சமாதான காலமாக இருந்திருந்தால், அன்றைய விதிப்படி கல்லூரி மாறியவர் ஓராண்டு ஆடாமல் வெளியே உட்கார வேண்டியிருந்திருக்கும். வாரம் 17 பாடநேரமும் ஒன்பதரை மணிநேர உடற்பயிற்சியும் போக மிச்ச நேரத்தில் ஆட கடற்படை அனுமதித்தது. தரைப்படையோ தன் கல்லூரித் திட்டத்தில் சேர்ந்தவர்களை அணிப்பக்கமே விடவில்லை. ஆகவே ஒரு மாணவரின் ஆட்ட வாழ்வைத் திறமையைவிட அவர் எந்தப் படையில் கையெழுத்திட்டார் என்பதே தீர்மானித்தது. இது அநியாயம் என்றே சொல்வேன்.

கேள்வி: போரிலிருந்து திரும்பி ஆடினார்களா?

பதில்: லுஜாக் கடற்படையிலிருந்து 1946-ல் திரும்பி, 1947-ல் ஹைஸ்மன் வாங்கினார். 1939-ல் அதே விருதை வாங்கிய அயோவாவின் நைல் கின்னிக் திரும்பவில்லை. 1943 ஜூன் 2, லெக்சிங்டன் என்ற விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து பயிற்சிக்குப் பறந்தபோது எஞ்சினில் ஆயில் கசிந்தது. கப்பலின் தளம் முழுக்கப் புறப்படத் தயாராக விமானங்கள் நின்றதால் கடலிலேயே இறக்கினார். படகு போய்ச் சேர்ந்தபோது எண்ணெய்ப் படலம்தான் மிதந்தது. அப்போது வயது 24.