கேள்வி–பதில்: சாலை போடுவதற்கு முன் யாரிடம் கேட்பது?

கேள்வி: எங்கள் வட்டாரத்தில் வடக்கு-தெற்கு வழித்தடப் பணிகள் ஆண்டுக்கணக்கில் நடக்கின்றன. பாதிக்கப்படும் ஒவ்வொருவரிடமும் கருத்துக் கேட்டுக்கொண்டிருந்தால் எந்தச் சாலைதான் முடியும்? வல்லுநர்களிடமே விட்டுவிடலாமே?
– வாசகர், ஈசூன், சிங்கப்பூர்

பதில்: கேட்பதற்கு நேரம் செலவாகும் என்பது உண்மைதான். ஆனால் எந்தக் கட்டத்தில் கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்தே அந்த நேரம் வீணா, பயனுள்ளதா என்பது தெரியும்.

புக்கிட் பிரவுன் இடுகாட்டின் ஊடே செல்லும் லோர்னி நெடுஞ்சாலையை எடுத்துக்கொள்வோம். 2011-ல் அத்திட்டம் அறிவிக்கப்பட்டபோது சுமார் 5,000 கல்லறைகள் அகற்றப்படும் என்று மதிப்பிடப்பட்டது. மரபுடைமை ஆர்வலர்களும் இயற்கை ஆர்வலர்களும் குரல் எழுப்பிய பிறகு, 2012-ல் ஒரு பகுதியில் பாலம் அமைத்து நீரோடைகளையும் விலங்குகளின் நடமாட்டத்தையும் காப்பதென்று முடிவாயிற்று. அகற்றப்படும் கல்லறைகளை ஆவணப்படுத்தும் பணியும் நடந்தது. இவை உண்மையான பலன்களே. ஆயினும், சாலை அமைவது உறுதியான பின்னரே தங்களை அழைத்தார்கள் என்ற ஆர்வலர்களின் மனக்குறை நீங்கவில்லை. 2016-ல் முடியும் என்று எதிர்பார்க்கப்பட்ட அந்த நெடுஞ்சாலை 2018-ல் பகுதியாகவும் 2019-ல் முழுமையாகவும் திறக்கப்பட்டது. அந்தத் தாமதம் முழுவதையும் எதிர்ப்பின் தலையில் கட்டுவது நியாயமாகாது.

உங்கள் வட்டாரத்து வழித்தடமே இன்னொரு பாடம். முதலில் வாகனங்களுக்கான விரைவுச்சாலையாகத் திட்டமிடப்பட்ட அந்த 21.5 கிலோமீட்டர் பாதை, பின்னர் பேருந்துத் தடமும் சைக்கிள் பாதையும் சேர்ந்த வழித்தடமாக மாற்றியமைக்கப்பட்டது. கார் வைத்திருப்போரை மட்டும் மனத்தில் வைத்துப் பார்த்தால் இந்தத் தேவை கண்ணில் பட்டிருக்காது. அதே திட்டத்திற்காக, வீடுகளும் கடைகளும் இருந்த ரோச்சோர் சென்டரின் நான்கு புளோக்குகள் இடிக்கப்பட்டன. அங்கிருந்தோருக்கு காலாங்கில் மாற்று வீடுகள் ஒதுக்கப்பட்டன. ஆனால் கடைக்காரருக்கு இடம் கிடைத்தாலும், பல ஆண்டுகளாக வந்துபோன வாடிக்கையாளர் கூடவே குடிபெயர்வதில்லை. இழப்பீட்டுக் கணக்கில் எளிதில் அடங்காத இத்தகைய இழப்பை, அதை அனுபவிப்பவர் வாயால் கேட்டால்தான் திட்டமிடுவோருக்குப் புரியும்.

நாம் பெரும்பாலும் மறந்துவிடும் தரப்பினர் நிலத்தடியில் இருக்கிறார்கள்: தண்ணீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய், மின்கம்பி, எரிவாயு, தொலைத்தொடர்புக் கம்பி ஆகியவற்றின் பொறுப்பாளர்கள். வரைபடத்தில் ஓரிடத்தில் இருக்கும் குழாய், தோண்டும்போது வேறிடத்தில் தட்டுப்பட்டால் வேலை நின்றுவிடும். இவர்களை ஒப்பந்தப்புள்ளி கோருவதற்கு முன்பே உட்கார வைத்துப் பேசுவதுதான், என் கருத்தில், தாமதத்தைக் குறைக்கும் வழிகளில் முதன்மையானது.

வல்லுநரின் இடத்தைக் குடியிருப்பாளர் பிடிக்க வேண்டியதில்லை. சுரங்கப்பாதையின் ஆழத்தை வல்லுநர் சொல்லட்டும். தடுப்புப் பலகையால் எந்த நடைபாதை அடைபடுகிறது, சக்கர நாற்காலியில் செல்பவர் பேருந்து நிறுத்தத்திற்கு எவ்வளவு சுற்ற வேண்டியிருக்கிறது என்பதை அங்கு வசிப்பவர் சொல்லட்டும். அடுத்த முறை உங்கள் வட்டாரத்தில் விளக்கக் கூட்டம் நடந்தால், இந்த வரைபடத்தில் இன்னும் மாற்றக்கூடியவை எவை என்று முதலில் கேளுங்கள்.