சோலார் ஆப்ல 720 யூனிட், கரண்டு பில்லுல 470 தான், மீதி எங்க போச்சு?

தக்கலையில 3 கிலோவாட் சோலார் போட்டிருக்கேன், ரெண்டு மாசத்துக்கு ஆப் 720 யூனிட்னு காட்டுது, பில்லுல 470 தான் வருதுன்னு கேட்டிருக்கீங்க. பயப்படாதீங்க, யாரும் எடுக்கல. ஆப் காட்டுறது பேனல் மொத்தமா உண்டாக்குனது, அதுல பகல்ல உங்க பிரிட்ஜ், மோட்டார், மிக்ஸி எல்லாம் நேரடியா தின்னது போக மிச்சம் லைனுக்குப் போறத மட்டும்தான் ரெண்டு பக்கமும் ஓடுற மீட்டர் எக்ஸ்போர்ட்னு எழுதும். அப்போ அந்த 250 உங்க வீட்டுலயே செலவாயிருக்கு, அந்த அளவுக்கு நீங்க லைன்ல இருந்து வாங்கலங்கதுதான் லாபமே.

ராத்திரி லைன்ல இருந்து எடுத்தது இம்போர்ட். அது 520ன்னா 470 கழிச்சு 50க்குத்தான் கணக்கு. எக்ஸ்போர்ட் கூடுதலா இருந்தா அடுத்த பில்லுக்குப் போகும்.

நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இடவப்பாதியும் (தென்மேற்குப் பருவமழை) உண்டு, ஐப்பசி மழையும் உண்டு, அந்த மாசங்கள்ல பில் ஏறத்தான் செய்யும். அதனால ஒரே பில்ல வச்சு முடிவு பண்ணாதீங்க, ஒரு வருசம் எழுதி வைங்க.

இன்னொண்ணு, பேட்டரி இல்லாத சிஸ்டம்னா லைன்ல கரண்டு போனா நல்ல வெயில்லயும் இன்வெர்ட்டர் நின்னுரும். கம்பத்துல வேலை செய்யுறவருக்கு ஷாக் அடிக்கக்கூடாதுன்னுதான் அப்படி வச்சிருக்காங்க.